பெயர் நீக்கப்பட்ட சிறுவன்: ராட் செர்லிங்கும் அமெரிக்கத் தொலைக்காட்சியும்

1955 ஆகஸ்ட் 28. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்ற 14 வயது கருப்பினச் சிறுவன் கடத்திக் கொல்லப்பட்டான். சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்தவன். கடையில் ஒரு வெள்ளைப் பெண்ணிடம் வரம்பு மீறினான் என்பதுதான் அவன்மீது சொல்லப்பட்ட குற்றம். வெள்ளை ஆண்கள் 12 பேர் கொண்ட ஜூரி 67 நிமிடங்களில் கொலையாளிகள் இருவரையும் விடுதலை செய்தது. ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரிக்க முடியாது என்ற சட்டப் பாதுகாப்பு இருந்ததால், சில மாதங்களில் அவர்களே 'லுக்' பத்திரிகையிடம் கொலையை ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பணமும் வாங்கினார்கள்.

இந்த அநீதியை எழுத நினைத்தவர் ராட் செர்லிங். 1924-இல் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் பாராசூட் வீரராகப் பிலிப்பைன்ஸில் சண்டையிட்டுக் காயம்பட்டவர். 1955 ஜனவரியில் ஒளிபரப்பான 'பேட்டர்ன்ஸ்' நாடகம் அவரை ஒரே இரவில் பிரபலமாக்கியது. ஒரு பெருநிறுவனம் மனிதரை எப்படிப் பிழிந்து எறிகிறது என்று சொன்ன நாடகம் அது. வரவேற்பைப் பார்த்து, அடுத்த மாதமே நடிகர்களை மீண்டும் அழைத்து நேரலையில் நடத்தினார்கள்.

அன்றைய தொலைக்காட்சி எப்படி இயங்கியது என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். பல நாடக நிகழ்ச்சிகளுக்கு முழுப் பணமும் ஒரே நிறுவனம் கொடுத்தது. அதனால் அந்த நிறுவனமும் அதன் விளம்பர முகவர்களும் கதையை வரிவரியாகப் பார்த்தார்கள். தணிக்கை செய்ய அரசு தேவைப்படவில்லை. தெற்கு மாநிலங்களின் வெள்ளை வாடிக்கையாளரை இழந்துவிடுவோம் என்ற பயமே போதுமானதாக இருந்தது.

கொல்லப்படுபவர் கருப்பினத்தவர் என்றால் கதை நிற்காது என்று செர்லிங்குக்குத் தெரியும். அதனால் ஒரு வயதான யூத அடகுக் கடைக்காரர் கொல்லப்படுவதாக எழுதினார். ஆனால் இது எம்மெட் டில் கதைதான் என்று செய்தி பரவியது. நிறவெறி அமைப்பான வெள்ளைக் குடிமக்கள் மன்றத்தினர் கடிதங்களைக் குவித்தார்கள், புறக்கணிப்போம் என்று மிரட்டினார்கள். உடனே கதை வடக்கே நியூ இங்கிலாந்துக்கு மாற்றப்பட்டது. கொல்லப்பட்டவர் பெயரில்லாத ஓர் அயல்நாட்டவர் ஆனார். தெற்கை நினைவூட்டும் என்பதால் கோகோ-கோலா பாட்டில்களைக்கூட அகற்றினார்கள் என்று செர்லிங் பின்னாளில் சொன்னார். 'நூன் ஆன் டூம்ஸ்டே' என்ற பெயரில் 1956 ஏப்ரலில் ஒளிபரப்பான நாடகத்தில் எம்மெட் டில் இல்லை.

அவர் விடவில்லை. 1958-இல் மீண்டும் முயன்றார். இம்முறை கதை 1870-களுக்குத் தள்ளப்பட்டது. கொல்லப்படுபவர் ஒரு மெக்சிகோ இளைஞர் ஆனார். காலம் மாறியது, இடம் மாறியது, சாகிறவரின் அடையாளமும் மாறியது. குற்றவாளிச் சமூகம் மட்டும் யாருடைய கண்ணிலும் படாமல் தப்பித்துக்கொண்டது.

இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் செர்லிங் வேறு வழி தேடினார். தன் சொந்த நிறுவனத்தின் மூலம் தயாரிப்பிலும் உரிமை எடுத்துக்கொண்டு, 1959 அக்டோபரில் 'தி ட்வைலைட் ஸோன்' தொடரைத் தொடங்கினார். 1964 வரை 156 அத்தியாயங்கள். அவற்றில் 92 அவர் எழுதியவை. வேற்றுக்கிரகவாசி, பேய், மாயம் என்று எழுதினால் விளம்பரதாரர்கள் கலவரப்படவில்லை. 1960-இல் வந்த ஓர் அத்தியாயத்தில், விளக்கு அணைந்ததும் ஒரு தெருவே அண்டை வீட்டாரைச் சந்தேகித்துக் கொலைவரை போகிறது. 1964-இல் வந்த இன்னொன்றில், ஒருவர் தூக்கிலிடப்படும் நாளில் அந்த ஊரில் சூரியன் உதிக்க மறுக்கிறது. இருள் பரவிய இடங்களின் பட்டியலில் அலபாமாவின் பர்மிங்காம் நகரம் பெயர் சொல்லியே குறிப்பிடப்படுகிறது. முந்தைய ஆண்டுதான் அங்கே தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு கருப்பினச் சிறுமிகளைக் கொன்றிருந்தார்கள். போராட்டம் வீதிக்கு வந்து, பர்மிங்காம் என்ற பெயரை உலகமே அறிந்திருந்த நேரம் அது.

செர்லிங் 1975-இல், 50 வயதில் இறந்தார். அவருடைய நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனாலும் உருவகக் கதைக்கு ஓர் எல்லை உண்டு. வேற்றுக்கிரகவாசிக்காகக் கண்ணீர் விடுகிற ஒரு வெள்ளையர், அடுத்த தெருவின் கருப்பினச் சிறுவனை நினைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அந்தக் கட்டாயத்தை உருவாக்கியவர் எம்மெட்டின் தாய் மேமி டில். சவப்பெட்டியைத் திறந்தே வையுங்கள் என்றார். சிதைக்கப்பட்ட அந்த முகத்தைக் கருப்பினத்தவரின் 'ஜெட்' இதழ் அச்சிட்டது. அவர்களுக்கு அனுமதி தர எந்த விளம்பரதாரரும் தேவைப்படவில்லை. கும்பல் கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கிய சட்டம் 66 ஆண்டுகள் கழித்து, 2022-இல்தான் வந்தது. அது எம்மெட் டில்லின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

களப்பணியில் நான் படிக்கும் பல அறிக்கைகளில் 'இரு தரப்பினரிடையே தகராறு' என்றே இருக்கிறது. எந்தச் சாதியினர் அடித்தார்கள், எந்தச் சாதியினர் அடிபட்டார்கள் என்று இருப்பதில்லை. உண்மை அறியும் குழுக்களில் போகும் மாணவத் தோழர்களிடம் நான் கேட்பது இதுதான்: கதை எழுதும்போது உருவகம் பயன்படுத்துங்கள், தவறில்லை. அறிக்கை எழுதும்போது சாதியைப் பெயர் சொல்லியே எழுதுங்கள்.