நடந்தே சென்ற துறவி

குஜராத்தின் கந்தார் துறைமுகத்திலிருந்து ஆக்ரா அருகிலுள்ள பத்தேபூர் சிக்ரி வரை ஒருவர் நடந்தே போனார் என்றால் நம்ப முடிகிறதா? போனவர் ஹீரவிஜய சூரி என்ற சமணத் துறவி. அழைத்தவர் மொகலாயப் பேரரசர் அக்பர். யானை, குதிரை தருவதாக மாகாண ஆளுநர் சொல்லியும் அவர் ஏறவில்லை. 1583ஆம் ஆண்டு ஜூன் மாதம்தான் தலைநகரை அடைந்தார்.

சமணத் துறவிக்கு வாகனம் ஆகாது. விலங்கின் மீது ஏறினால் அதற்குத் துன்பம். வண்டியில் போனால் சக்கரத்தின் அடியில் எத்தனை சிற்றுயிர் நசுங்குமோ! ஆகவே வெறுங்காலுடன், தரையைப் பார்த்து நடப்பார்கள். உட்காரும் இடத்தைச் சுவேதாம்பரர் கம்பளி நூல் துடைப்பத்தாலும் திகம்பரர் மயிற்பீலியாலும் மெல்லத் துடைப்பர். மழைக்காலத்தில் புழு பூச்சிகள் பெருகுவதால் நான்கு மாதம் ஒரே ஊரில் தங்கிவிடுவர். மண்ணுக்கும் நீருக்கும் கூட தொடு உணர்வு என்ற ஓரறிவு உண்டு என்பது அவர்கள் கொள்கை. புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர் என்று தொல்காப்பியமும் வகைப்படுத்தியிருப்பது குறிப்பிடத்தக்கது. இல்லறத்தாருக்கு இவ்வளவு கடுமை இல்லை. கிழங்கு, வெங்காயம், பூண்டு தவிர்ப்பது, பொழுது சாய்வதற்குள் உண்டு முடிப்பது போன்றவை அவர்கள் வழக்கம்.

அரண்மனையில் விரித்திருந்த கம்பளத்தில் கால் வைக்கத் துறவி மறுத்தாராம். அடியில் உயிர்கள் இருக்கலாம் என்றாராம். தூக்கிப் பார்த்தால் எறும்புகள்! சமண நூல்கள் சொல்லும் கதை இது. கதை எப்படியோ, அக்பர் மனம் மாறியது உண்மை. பர்யூஷண் விரத நாட்களில் உயிர்க்கொலை கூடாது என்று ஆணையிட்டார். துறவிக்கு ஜகத்குரு என்ற பட்டமும் தந்தார். அபுல் பசல் தமது அயினி அக்பரியில் அறிஞர்களின் முதல் வரிசையில் அவரைச் சேர்த்திருக்கிறார்.

இங்கேதான் ஒரு சிக்கல். தன் காலடியைப் பார்த்து நடப்பது ஒருவரின் நோன்பு. அதுவே அரசாணையானால் அடுத்தவர் பிழைப்பையும் தொடுகிறது அல்லவா?

இந்தக் கேள்வி அக்பரோடு முடியவில்லை. பர்யூஷண் காலத்தில் அகமதாபாத் மாநகராட்சி தன் இறைச்சிக் கூடத்தை 9 நாள் மூடியதை எதிர்த்து இறைச்சி வணிகர்கள் வழக்குப் போட்டனர். குஜராத் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றமோ 2008 மார்ச்சில் அதை மாற்றியது. ஆண்டில் 9 நாள் பெரிய தடையல்ல என்றது. அந்தத் தீர்ப்பில் அக்பரும் இடம் பெற்றார். ஆயினும் அன்றாட வருமானத்தில் வாழும் கசாப்புக் கடைக்காரருக்கு 9 நாள் சிறிதல்ல.

2015 செப்டம்பரில் மும்பையில் இதே தகராறு மூண்டது. அம்மாதம் 17ஆம் நாளுக்கான இறைச்சி விற்பனைத் தடையை பம்பாய் உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது.