மலாக்காத் தமிழரும் நரம்பியல் வேறுபாடும்: தோட்டக் காலம் முதல் ஏற்புவழிச் சிகிச்சை வரை

மலேசியச் சுகாதார அமைச்சு ஆட்டிசத்துக்கான மருத்துவ வழிகாட்டியை 2014இல் வெளியிட்டது. கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டு நிலையான ஏடிஎச்டிக்கான வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பு 2020இல் வந்தது. இரண்டின் தலைப்பிலும் குழந்தைகள், பதின்ம வயதினர் என்ற வரம்பு இருக்கிறது. ஆட்டிசமும் ஏடிஎச்டியும் பதினெட்டு வயதில் விட்டுப்போவதில்லை; அவற்றுக்கான ஏற்பாடுகள்தாம் அந்த வயதோடு மெலிந்துவிடுகின்றன. இந்த நிலை உருவான வழியையும், ஒருவரைத் திருத்த முனையாமல் அவருடைய நரம்பியல் இயல்பை ஏற்றுத் துணைநிற்கும் ஏற்புவழிச் சிகிச்சை அதற்கு எதிராக எழுந்த விதத்தையும், மலாக்காவின் டுரியான் துங்கால் வட்டாரத்தையும் அம்மாநிலத் தோட்டத் தமிழரையும் முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

1896இல் டான் சாய் யான் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். அதைத் தொடர்ந்து பெருகிய தோட்டங்களில் தமிழர் வாழ்க்கை விடியலுக்கு முன் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பில் தொடங்கியது. பிறகு, தனக்கென ஒதுக்கப்பட்ட நிரையில் பால்மரம் வெட்ட வேண்டும். நாள்தோறும் அதே மரங்கள், அதே நேரம், பெரும்பாலும் தனிமை. அதிகம் பேசாதவர், மாற்றத்தைத் தாங்காதவர், ஒரே வேலையை ஓயாமல் செய்பவர் ஆகியோருக்கு இந்த ஒழுங்கில் ஓர் இடம் இருந்திருக்கும் என்பது என் வாசிப்பு. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எல்லாரும் அத்தகையவரை அறிந்திருப்பார்கள். விளக்கம் கேட்க மாட்டார்கள். இதைப் பொற்காலமாக்குவது தவறு. அந்த ஒழுங்கு முதலாளியின் லாபத்துக்காக அமைந்தது. தொழிலாளியின் நரம்பியலை எண்ணி யாரும் அதை வகுக்கவில்லை. அதற்குள் அடங்காதவரை ‘பைத்தியம்’ என்று முத்திரை குத்த அதிக நேரம் ஆகவில்லை. 1911இல் பேராக்கில் திறக்கப்பட்ட தஞ்சோங் ரம்புத்தான் மனநல விடுதியின் பெயர் இன்றுவரை நம் மக்கள் வாயில் வசைச்சொல்லாக நிலைத்திருக்கிறது. லயத்தின் பொறுமைக்கும் அந்த விடுதிக்கும் நடுவே வேறு உதவி இல்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் கலைந்தபோது குடும்பங்கள் சிறு நகரங்களுக்கு வந்தன. 1970களில் பத்து பெரெண்டாம் போன்ற தடையற்ற வணிக மண்டலங்களில் ஆலைகள் எழுந்தன. இரைச்சல், மாறிமாறி வரும் ஷிப்ட், குழுவாகச் செய்யும் வேலை என எல்லாமே புதிது. தோட்டத்தில் கண்ணில் படாதிருந்த வேறுபாடு இங்கே குறையாகத் தெரிந்தது.

பள்ளியிலும் இதே கதைதான். 1997ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிகள், பிறர் உதவியின்றித் தன்னைப் பார்த்துக்கொள்ளக்கூடியவர், தேசியக் கல்வித் திட்டத்தைப் பின்பற்ற வல்லவர் என்று மருத்துவரும் அரசு அதிகாரிகளும் அடங்கிய குழு உறுதிசெய்த பிள்ளையையே கல்வி பெறத்தக்கவராக ஏற்றன. மற்றவர்களுக்குக் கதவு மூடியிருந்தது. அந்த விதிகள் 2013இல் மாற்றப்பட்டன. எந்தப் பிள்ளையையும் மறுக்காத கொள்கை 2019இல்தான் நடைமுறைக்கு வந்தது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழிலிருந்து மலாய்க்கு மாறும்போது ஏற்படும் திணறலையும் கவனச்சிதறலையும் பிரித்தறிவது எளிதன்று. மலாய்க்குத் தயார்படுத்தும் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்த பல பிள்ளைகளுக்கு மொழிதான் தடை என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டால், மொழிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று யார் பார்ப்பது?

சிகிச்சை என்ற பெயரில் முதலில் பரவியது நடத்தைப் பயிற்சி. அமெரிக்காவில் ஐவார் லோவாஸ் 1987இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு அடித்தளம். வாரத்துக்கு 40 மணி நேரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் இயல்பான அறிவுத்திறனையும் கல்வி நிலையையும் எட்டியதாக அவர் எழுதினார். அந்தப் பயிற்சியில் உரத்த அதட்டலும் தொடையில் அடியும் இருந்தன. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் மலேசியாவில் பெற்றோரும் வல்லுநர்களும் சேர்ந்து ‘நாசோம்’ என்ற தேசிய ஆட்டிசச் சங்கத்தை அமைத்தார்கள். அரசு அதிகம் செய்யாத காலத்தில் அவர்கள் எழுப்பிய மையங்களை நன்றியோடுதான் நினைக்க வேண்டும். ஆனாலும் அன்று பெரும்பாலும் இருந்த இலக்கு ஒன்றே: பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போல் தோன்ற வேண்டும்.

மறுப்பு ஆட்டிசம் உள்ளவர்களிடமிருந்தே எழுந்தது. தமக்காக அழ வேண்டாம் என்று ஜிம் சின்க்ளேர் 1993இல் பெற்றோரிடம் சொன்னார். 1998இல் ஆஸ்திரேலியாவின் ஜூடி சிங்கரும் அமெரிக்காவின் ஹார்வி புளூமும் நரம்பியல் பன்மை என்ற சொல்லைத் தம் எழுத்தில் பயன்படுத்தினார்கள். ஆட்டிசம் உள்ளவருக்கும் மற்றவருக்கும் இடையிலான புரிந்துகொள்ளாமை இரு பக்கமும் நிகழ்வது என்று டேமியன் மில்டன் 2012இல் வாதிட்டார். கேத்தரின் குரொம்ப்டன் குழுவினரின் 2020ஆம் ஆண்டு ஆய்வு அதற்கு வலுச்சேர்த்தது: அதில் ஆட்டிசம் உள்ளவர்கள் தமக்குள் செய்தியைக் கடத்தியபோது மற்றவர்களைப் போலவே துல்லியமாகக் கடத்தினார்கள், இரு வகையினரும் கலந்த வரிசையில்தான் செய்தி கூடுதலாகச் சிதைந்தது. தன் இயல்பை மறைத்து நடிப்பதற்கும் தற்கொலை எண்ணத்துக்கும் உள்ள தொடர்பை சாரா காசிடி குழுவினர் 2018இல் காட்டினர். இயல்பாகத் தோன்றவைப்பதையே வெற்றியாகக் கொண்ட சிகிச்சை மரபை இந்த முடிவு நிறுத்திக் கேள்வி கேட்கிறது. நரம்பியல் வேறுபாட்டை அறிந்து நடத்தும் உளச்சிகிச்சைக்கு ராபர்ட் சாப்மனும் மோனிக் போத்தாவும் 2022இல் ஒரு கோட்பாட்டு வரைவு தந்தனர்.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? கையை அசைத்து அமைதி தேடுபவரின் கையைப் பிடித்து நிறுத்துவதில்லை. எந்த ஒலி, எந்த வெளிச்சம் அவரை வருத்துகிறது என்று கேட்டு, முடிந்தவரை சூழலை மாற்றுவது. பேச்சு வராதவருக்குப் படமோ தட்டச்சோ மொழியாகும். நம் சூழலில் கண் தொடர்புப் பயிற்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெரியவர்கள் முன் கண்ணைத் தாழ்த்துவதை மரியாதையாகக் கொண்ட குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அங்கே வளரும் ஒருவருக்கு, கண்ணுக்குக் கண் பார்க்கக் கற்றுத்தருவது யாருடைய இயல்பைப் புகட்டுவது? மாசி மகத்துக்கு மலாக்காவின் சன்னாசிமலைக் கோயிலுக்குக் குடும்பத்தோடு போகும்போது உறுமி ஓசை தாங்காத இளைஞருக்குக் காதுமூடி கொடுப்பதும், கூட்டம் குறையும் நேரத்தில் அழைத்துச் செல்வதும் சிகிச்சையின் பகுதிகளே. “ஏன் தம்பி இப்படி இருக்க?” என்று கேட்கும் மாமாவிடம் ஒரு வரியில் விளக்கம் சொல்ல அக்காவைப் பழக்குவதும் அப்படித்தான்.

இந்த அணுகுமுறைக்கு எதிர்ப்பும் உண்டு. மிகுந்த துணை தேவைப்படுவோரின் துன்பத்தை நரம்பியல் பன்மைப் பேச்சு மறைக்கிறது என்று சில பெற்றோர் வருந்துகிறார்கள். அவர்களின் களைப்பை அறியாமல் யாரும் மறுமொழி சொல்லக் கூடாது. சான்றுகளும் இன்னும் இளமையானவை. ஆனால் ஏற்பது என்பது உதவியை நிறுத்துவதன்று. ஏடிஎச்டி உள்ளவர் மருந்தால் பயனடைகிறார் என்றால் அதுவும் ஏற்புக்குள் அடங்கும். அவர் விரும்பி, விளைவை அறிந்து எடுக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

பெரியவர்களின் நிலைதான் கவலை தருகிறது. ஆட்டிசமும் ஏடிஎச்டியும் ஒருவரிடமே இருக்கலாம் என்பதை அமெரிக்க மனநோய்க் கையேடு ஏற்றதே 2013இல்தான். அதற்கு முன் பள்ளி முடித்த தலைமுறைக்கு ‘சோம்பேறி’, ‘திமிர்’, ‘கூச்சம்’ என்ற பெயர்களே கிடைத்தன. இன்றைய தலைமுறையை எடுத்துக்கொண்டால், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்காவின் முதன்மை வளாகம் டுரியான் துங்காலில் இருக்கிறது. அம்மா எழுப்பி, அப்பா கொண்டுவிட்டு நடந்த ஒழுங்கு, அத்தகைய வளாகத்துக்கு வரும் மாணவருக்கு ஒரே நாளில் அறுந்துபோகிறது. பலருக்குத் தம் வேறுபாடு தெரியவரும் வயது இதுதான்.

மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்தபோது அதில் மீறுவோருக்குத் தண்டனை வகுக்கப்படவில்லை. தொழில்வழிச் சிகிச்சையாளர், பேச்சுச் சிகிச்சையாளர், மருத்துவ உளவியலாளர் ஆகியோரை ஒழுங்குபடுத்தும் துணைச் சுகாதாரத் தொழில் சட்டம் 2016இல் இயற்றப்பட்டது. சுகாதார அமைச்சு அடுத்துச் செய்ய வேண்டியது, பெரியவர்களுக்கான வழிகாட்டிகளை அவர்களையே குழுவில் அமர்த்தி எழுதுவது. தமிழில் மனம் திறப்பவருக்குத் தமிழில் செவிசாய்க்கும் சிகிச்சையாளரை உருவாக்க நம் சங்கங்கள் கல்வி நிதி ஒதுக்க வேண்டும். இதைப் படிப்பவர்களில் தம்மையே அடையாளம் கண்டவர்கள் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவை அணுகலாம். சமூகநல இலாகாவின் ஓக்கேயூ (மாற்றுத்திறனாளி) பதிவு விருப்பத்தின் பேரில் செய்வது; அதற்கு மேல்வயது வரம்பு கிடையாது.