பதவிக்கு அரண், சாட்சிக்கு மனு: ஸ்ரீரங்கம், துவாக்குடி வழக்குகளை முன்வைத்து

குற்ற வழக்கில் உண்மை வெளிப்பட வேண்டுமானால் கடமையைச் செய்யும் அதிகாரியும் கண்டதைச் சொல்லும் சாட்சியும் அஞ்சாதிருக்க வேண்டும். நம் சட்டம் இருவருக்கும் பாதுகாப்பு தருகிறது. அதிகாரிக்கு அது பதவியோடு சேர்ந்தே வருகிறது; சாட்சியோ மனுப் போட்டுப் பெற வேண்டும். அந்த மனுவை எடைபோடும் பொறுப்பும் காவல்துறையிடமே இருப்பதுதான் இன்றைய ஏற்பாட்டின் அடிப்படைக் குறை என்பது இக்கட்டுரையின் வாதம்.

2011இல் ஸ்ரீரங்கத்தில் வென்று முதல்வரான ஜெயலலிதா, சொத்துக் குவிப்பு வழக்கில் 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு தனி நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் உறுப்பினர் பதவியை இழந்தார். தண்டனை பெற்ற உறுப்பினர் மேல்முறையீடு செய்து பதவியில் நீடிக்க இடமளித்த மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப் பிரிவு 8(4), லில்லி தாமஸ் வழக்கில் 2013இலேயே செல்லாததாக்கப்பட்டிருந்தது. பதவியின் அரண் ஒன்று இவ்வாறு விழுந்தது. 2017இல் உச்ச நீதிமன்றம் உடன் குற்றம் சாட்டப்பட்ட மற்ற மூவரின் தண்டனையை உறுதிசெய்தபோது அவர் உயிரோடு இல்லை. அவர் மீதான மேல்முறையீடு அற்றுப்போனது.

அவ்வழக்கு பெங்களூருக்கு ஏன் போனது என்பதே நமக்கு முக்கியம். 2001 ஆட்சி மாற்றத்துக்குப் பின் 76 சாட்சிகள் மீண்டும் குறுக்கு விசாரணைக்கு அழைக்கப்பட்டனர். 64 பேர் தம் முந்தைய சாட்சியத்திலிருந்து பின்வாங்கினர். அவர்களைப் பிறழ் சாட்சிகளாக அறிவிக்கக்கூட அரசுத் தரப்பு முயலவில்லை. இதையும் கருத்தில்கொண்டே 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை மாற்றியது. வழக்குக்கு வேறு மாநிலம் கிடைத்தது. சாட்சிகளுக்குத் தனிப் பாதுகாப்பு எதுவும் அன்று சட்டத்தில் இல்லை.

2018இல் இரு மாற்றங்கள் வந்தன. அரசு ஊழியர் மீது வழக்குத் தொடர ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு கோரும் முன் அனுமதி, ஓய்வுபெற்ற ஊழியர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. டிசம்பரில் மகேந்தர் சாவ்லா வழக்கில் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது. முதலாவது பதவி போன பின்னும் நிற்கும் அரண். இரண்டாவதோ ஒரு தடவைக்கு மூன்று மாதத்துக்கு மேற்படாதது; காவல் உட்கோட்டத்தின் துணைக் கண்காணிப்பாளரோ உதவி ஆணையரோ தரும் அச்சுறுத்தல் அறிக்கையைச் சார்ந்தது.

குற்றம் சாட்டப்பட்டவரே காவலர் என்றால்? 2018 மார்ச் 7 அன்று துவாக்குடி அருகே தலைக்கவசச் சோதனையைத் தொடர்ந்து, போக்குவரத்து ஆய்வாளர் ஒருவர் மோட்டார் சைக்கிளை உதைத்ததாகவும் அதில் சென்ற பெண் விழுந்து இறந்ததாகவும் வழக்கு; ஆய்வாளர் கைதானார். வாகனச் சோதனை கடமை. உதைப்பது அக்கடமையோடு நியாயமான தொடர்புடையதாகாது. கடமைச் செயலுக்காக அதிகாரி மீது வழக்குத் தொடரத் தேவையான முன் அனுமதி என்னும் கவசம் அதற்குப் பொருந்தாது என்றே கொள்ள வேண்டும். ஆனால் இத்தகைய நிகழ்வைச் சாலையோரம் நின்று பார்த்தவர் பாதுகாப்பு கேட்டால், அவருக்குள்ள ஆபத்தை அளப்பவரும் காவல் அதிகாரியே. முடிவெடுக்கும் மாவட்டக் குழுவுக்கு மாவட்ட நீதிபதி தலைவர் என்றாலும், மாவட்டக் காவல் தலைவர் அதில் உறுப்பினர்.

சாட்சிக்கு மிகுந்த பாதுகாப்பு தந்தால் பொய்யர் பெருகுவர் என்பது மறுப்பு. சாட்சியச் சட்டம் இதற்கு எப்போதோ விடை கண்டுவிட்டது. கட்டாயத்தின் பேரில் அளித்த பதிலைக் கொண்டு சாட்சி மீது வழக்குத் தொடர முடியாது. பொய்ச் சாட்சியத்துக்கு மட்டும் விலக்கு இல்லை. சாட்சி ஆட்சேபித்திருந்தால்தான் இக்காப்பு உண்டு என 1881இல் சென்னை உயர் நீதிமன்றம் கொண்டது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற தினேஷ்குமார் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் அந்நிபந்தனையை ஏற்கவில்லை. குற்றம் சாட்டப்பட்ட அதிகாரியுடன் இருந்த கடைநிலைக் காவலர் உண்மை பேசவும் இக்காப்பு உதவும்.

அதிகாரிகளுக்கான முன் அனுமதியில் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 218ஆம் பிரிவு 120 நாள் கெடு வைத்து, அதற்குள் முடிவு வராவிட்டால் அனுமதி தந்ததாகக் கொள்கிறது. இது நல்ல திருத்தம். 398ஆம் பிரிவின்படி மாநிலங்கள் இயற்ற வேண்டிய சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்திலும் இதே உறுதி வேண்டும். காவலர் எதிரியாக உள்ள வழக்கில் அச்சுறுத்தல் அறிக்கையை நீதித்துறை நடுவர் தயாரிக்க வேண்டும்; மாவட்டக் காவல் தலைவர் அக்குழுவிலிருந்து விலக வேண்டும்; வழக்கு முடியும்வரை பாதுகாப்பு தானாகவே தொடர வேண்டும்.