தமிழ் வினைத்திரிபு வகைப்பாட்டின் வரலாறு

வினைத்திரிபு வகைப்பாடு என்பது, காலம் காட்டும்போது ஒரே விதமாக மாறும் வினைச்சொற்களை ஒரு தொகுதியாகச் சேர்க்கும் முறையாகும். 'ஓடு', 'போடு' இரண்டும் 'டு' என முடிகின்றன. ஆயினும் முன்னது 'ஓடினான்' எனவும் பின்னது 'போட்டான்' எனவும் வரும். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் இதைக் கேட்டுப் பழகியே அறிகின்றனர். பிறமொழியினருக்கோ வகைப்பாடு தேவைப்படுகிறது.

மரபிலக்கணம்

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஈற்றெழுத்தின் அடிப்படையில் நட, வா, மடி முதலிய 23 வினைப்பகுதிகளை வாய்பாடாகத் தருகிறது. இறந்தகால இடைநிலைகளாகத் த், ட், ற், இன் ஆகியவற்றைக் கூறுகிறது. எந்தப் பகுதி எந்த இடைநிலையை ஏற்கும் என்பதை ஈற்றெழுத்து மட்டும் காட்டுவதில்லை. 'மடி' என்பதே 'மடிந்தான்', 'மடித்தான்' என இரு வகையாகவும் பொருள் வேறுபட்டும் வரும்.

ஐரோப்பியர் நூல்கள்

16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார், போர்த்துக்கீசிய மொழியில் தமிழ் இலக்கணம் எழுதினார். சீகன்பால்குவின் இலத்தீன் வழித் தமிழ் இலக்கணம் 1716இல் ஆலே நகரில் அச்சானது. கார்ல் கிரௌல் 1855இல் வெளியிட்ட இலக்கணச் சுருக்கம் வினைகளைக் கால வடிவங்களின்படி தொகுத்தது. பின்னர் ஆர்டன், மெல்வினை, இடைவினை, வல்வினை என மூவகையாகப் பிரித்துக் கற்பித்தார். 'படிகிறது' மெல்வினை, 'படிக்கிறான்' வல்வினை.

அகராதியில்

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924-1936) ஒவ்வொரு வினைக்கும் வகை எண் தருகிறது. செய்-தல் 1, படி-தல் 4, ஓடு-தல் 5, படி-த்தல் 11, நட-த்தல் 12. எண்ணை அறிந்தால் முக்கால வடிவங்களையும் அமைக்கலாம்.

இன்றைய தேவை

ஜார்ஜிய மொழிப் பாடநூல்களும் வினைகளை நான்கு வகையாகப் பிரிப்பது வழக்கம். அங்கு எழுவாய் ஏற்கும் வேற்றுமையையும் வினையின் வகை தீர்மானிக்கிறது. தமிழில் அத்தகைய சிக்கல் இல்லை. இறந்தகால வடிவமே கடினம். பள்ளி இலக்கணம் தன்வினை, பிறவினை முதலியவற்றைக் கற்பிக்கிறதே தவிர, இவ்வகை எண்களைக் கற்பிப்பதில்லை. அம்பத்தூர், ஆவடித் தொழிற்சாலைகளுக்கு வேலை தேடி வரும் வெளிமாநிலத்தவர் தமிழ் கற்கவும், கணினி தமிழ்ச் சொற்களைப் பகுக்கவும் இவ்வகைப்பாடே துணைபுரியும்.