துண்டு முதல் அனுமதிப்பத்திரம் வரை: மலையகத் தோட்டங்களில் அன்றாடச் சட்டக் கேள்விகளின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

சட்ட வரலாறு என்ற பெயரில் நம்மிடையே எழுதப்படுவன பெரும்பாலும் சட்டவாக்கத்தின் வரலாறாகவே அமைந்துவிடுகின்றன. எந்த ஆண்டில் எந்தக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது, எந்த ஆணைக்குழு என்ன விதந்துரைத்தது என்பன விரிவாகப் பதிவு செய்யப்படுகின்றன. அச்சட்டத்துக்குட்பட்ட மனிதன் அதனைப் பற்றி யாரிடம் கேட்டான், என்ன விடை பெற்றான் என்னும் வினா எழுப்பப்படுவதில்லை. யாழ்ப்பாணத்துக் காணியுடைமையாளனுக்கு இவ்விடயத்தில் குறை இருக்கவில்லை. எல்லை வேலியின் கதியால் ஒன்று இடம்மாறினாலும் ஆலோசனை கூறப் பிறக்கிராசியார் இருந்தார். உறுதி முடிக்க நொத்தாரிசு இருந்தார். மேல்நீதிமன்றம்வரை செல்ல அப்புக்காத்தும் இருந்தார். உடைமையுள்ளவிடத்தில் சட்ட ஆலோசனையும் உண்டு. அட்டன், நுவரெலியா, தலவாக்கலைப் பகுதிகளில் தேயிலைக் கொழுந்தையன்றி வேறெதையும் தொட்டறியாத தொழிலாளிக்கு இந்த வசதி எவ்வாறு கிட்டியது என்பதே இங்கு நாம் நோக்கவிருப்பது.

மலையகத் தொழிலாளி முதலில் சந்தித்த சட்டம் சிறைச்சாலையின் வடிவிலேயே அவனை வந்தடைந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம், முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவதைக் குற்றமாக்கியது. மூன்று மாதம்வரை மறியலில் வைக்க இடமளித்தது. ஒப்பந்தத்தை மீறுதல் எங்கும் குடியியல் விவகாரமே; கொழும்பு வணிகன் ஒருவன் தன் ஒப்பந்தத்தை மீறினால் அவன்மீது நட்டஈட்டு வழக்கே தொடரப்படும். கூலியாள் மீறினால் அது குற்றம். ஒரே செயலைச் செய்பவனின் வர்க்கத்தை வைத்து இருவகையாகப் பெயரிட்ட இச்சட்டத்தை விளக்குவதற்குப் பெரிய தத்துவ நூல்கள் தேவையில்லை. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம், அறுபது நாளுக்கு மேற்பட்ட சம்பளம் நிலுவையாயிருப்பின் வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியைத் தண்டித்தலாகாது என்றொரு சலுகையை அளித்தது. ஆயின் அறுபது நாள் கடந்துவிட்டது என்பதை நிறுவ வேண்டியவன் கைநாட்டு வைக்கும் தொழிலாளி. செக்றோல் இருந்ததோ துரையின் ஆபீசில்.

இதனோடு இணைந்தது துண்டு முறை. தொழிலாளி கங்காணிக்கு இவ்வளவு கடன்பட்டுள்ளான், அத்தொகையைச் செலுத்தினால் அவனை விடுவிக்கச் சம்மதம் என்று எழுதித் தரப்பட்ட சீட்டே துண்டு. தமிழ்ச் சொல்லாகிய இது, தோட்டத்துரைமாரின் ஆங்கிலத்திலும் அரசாங்க அறிக்கைகளிலும் அப்படியே நுழைந்துவிட்டது. துண்டின்றி வேறு தோட்டத்தில் வேலை பெற முடியாது. துண்டில் எழுதப்பட்ட தொகை சரியானதா என்று கேட்பதற்கும் வழியில்லை. கேட்பதானால் கங்காணியிடமே கேட்க வேண்டும். கடன் கொடுத்தவன், ஆள் பிடித்து வந்தவன், 'தலைக்காசு' பெறுபவன், துரையின் பேச்சைத் தமிழில் சொல்பவன் ஆகிய அனைவரும் அவனே. மலையகத்தின் முதலாவது சட்ட விளக்குநன் கங்காணி என்று கூறின் மிகையாகாது. சட்டத்தில் என்ன எழுதப்பட்டிருந்தது என்பதைவிடக் கங்காணி அதனை என்னவென்று சொன்னான் என்பதே லயத்தில் நடைமுறைச் சட்டமாயிற்று.

கங்காணியைத் தாண்டிச் செல்ல முயன்றவனுக்கு இருந்த வழி மனு. பெட்டிசம் என்று பேச்சில் வழங்கிய இவ்வடிவத்தை நமது உரைநடை வரலாற்றாசிரியர்கள் கண்டுகொள்ளாதது வியப்புக்குரியது. ஆறுமுக நாவலரின் வசனநடை பற்றி எத்தனையோ கட்டுரைகள் உள. காசு பெற்றுக்கொண்டு பிறர் துயரை எழுதிக் கொடுத்தோரின் வசனநடை பற்றி ஒன்றுமில்லை. 'மகாகனம் பொருந்திய', 'சமுகத்துக்கு', 'தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது' என்னும் தொடர்களுக்கிடையே உண்மையான கேள்வி எங்கோ ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும்: பிடித்த காசு சரியா? பேர் ஏன் வெட்டப்பட்டது? 1923இல் இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு அலுவலகம் கண்டியில் நிறுவப்பட்டதன் பின்னர் இவ்வகை மனுக்களுக்குப் புதியதொரு முகவரி கிடைத்தது. ஆயினும் முகவரி மாறியதே தவிர, கேட்பவனின் இடம் மாறவில்லை. மனு என்பது உரிமையைப் பற்றிய வினாவைக் கருணைக்கான வேண்டுகோளாக உருமாற்றும் இலக்கிய வடிவம்.

சட்டம் கற்றோர் தொழிலாளர் பக்கம் வந்தமை இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் தசாப்தத்தை ஒட்டிய நிகழ்ச்சியாகும். சேர் பொன்னம்பலம் அருணாசலம் குற்றவியல் தண்டனைக்கெதிராகக் குரலெழுப்பினார். 1919இல் இலங்கைத் தொழிலாளர் சேமநலச் சங்கம் தோன்றியது. அதன் செயலாளராகப் பணியாற்றிய பெரி. சுந்தரம், மலையகத்தில் பிறந்து கேம்பிரிட்ஜில் கற்றுப் பாரிஸ்டராகியவர். 1931இல் அட்டன் பிரதிநிதியாக அரசாங்க சபைக்குச் சென்று தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சருமானார். 1921ஆம் ஆண்டின் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. வேலையை விட்டு நீங்கியதற்கான சிறைத்தண்டனையும் அக்காலத்திலேயே அகற்றப்பட்டது. இவர்களின் பங்கை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவர்கள் தொழிலாளருக்காக அரசாங்கத்தோடு பேசினர். தொழிலாளரோடு சட்டத்தைப் பற்றிப் பேசினரல்லர். பேசிய மொழியும் ஆங்கிலமே.

அக்காரியத்தை மேற்கொண்டவர் வழக்கறிஞரல்லர் என்பதுதான் மனங்கொள்ளத்தக்கது. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர், தோட்ட நிலைமையை நேரிற் காண்பதற்குப் புடவை வியாபாரியாக வேடமிட்டு உள்ளே நுழைந்ததாகக் கூறப்படும் செய்தி பலரும் அறிந்ததே. அச்செய்தியின் சுவையில் மயங்கி அதன் சட்டப் பொருளை நாம் மறந்துவிடுகிறோம். தோட்டம் தனியார் உடைமை; அநுமதியின்றி நுழைவது அத்துமீறல். எனவே தொழிலாளியின் கேள்விக்கு விடை சொல்ல வருபவன், அவ்விடையைச் சொல்லுமுன்னரே குற்றவாளியாகிவிடுகிறான்! துணி விற்பவனுக்குத் திறந்த வாயில் சட்டம் சொல்பவனுக்கு மூடியிருந்தது. இதனாலேயே அச்சுத்தாள் முதன்மை பெற்றது. 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளும், தொழிலாளர் சட்டங்களைத் தமிழில் விளக்கி அவர் வெளியிட்ட பிரசுரங்களும் ஆள் நுழைய முடியாத இடத்தில் நுழைந்தன. எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பர். 1931இல் அவர் அட்டனை நிலைக்களனாகக் கொண்டு இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபோது இவ்வாசகர் கூட்டம் ஓர் அமைப்பாக உருப்பெறத் தொடங்கியது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ், மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என 1929இல் நாட்கூலி விதிக்கப்பட்டிருந்தது. தன் நாட்சம்பளம் சட்டத்தால் வரையறுக்கப்பட்ட தொகை, துரை மனமிரங்கித் தருவதன்று என்பதை அறிந்த தொழிலாளி 'தாழ்மையுடன்' என்று தொடங்கமாட்டான். மனுவின் நடைக்கும் சட்ட விளக்கப் பிரசுரத்தின் நடைக்கும் உள்ள வேறுபாடு இலக்கண வேறுபாடன்று.

அட்டனுக்கு மேற்கே, கேகாலை மாவட்டத்து உருமிவெலவிலுள்ள நேவ்ஸ்மியர் தோட்டத்தில் இக்கேள்விகளுள் மிக எளியதொன்று எழுந்து, மிகத் தொலைவு பயணஞ்செய்தது. கிராம விஸ்தரிப்புக்கென அரசாங்கம் அத்தோட்டத்தைச் சுவீகரித்தது. தொழிலாளர் வேலைநீக்கப்பட்டு, லயங்களை விட்டு வெளியேறுமாறு அறிவிக்கப்பட்டனர். 1946 ஜூனில் மலைநாட்டுத் தோட்டங்களெங்கும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இதனை எதிர்த்து வேலைநிறுத்தஞ் செய்தனர். வெளியேறாதவர்கள்மீது தண்டனைச் சட்டக்கோவையின் 427ஆம் பிரிவு விளக்கும் குற்றமான அத்துமீறல் சுமத்தப்பட்டது. தான் பல்லாண்டு சீவித்த அறையில், தன் அடுப்பும் பாயும் கிடக்குமிடத்தில், தொடர்ந்து இருப்பது குற்றமா? சின்னசாமி செல்வநாயகம் என்னும் தொழிலாளியின் பெயரால் இக்கேள்வி கீழ்நீதிமன்றத்தில் தோற்று, உயர்நீதிமன்றத்திலும் தோற்று, லண்டன் பிரிவி கவுன்சிலை அடைந்தது. 1950இல் அங்கு தீர்ப்பு மாறிற்று. அத்துமீறல் குற்றமாவதற்குத் தொந்தரவு செய்யும் எண்ணம் வேண்டும். அவ்வெண்ணம் பிரதான நோக்கமாகவும் இருத்தல் வேண்டும். உரிமையுண்டென்ற நல்லெண்ணத்தோடு தன் இருப்பிடத்தில் தங்கியிருப்பவனின் பிரதான நோக்கம் தங்கியிருப்பதே. அதனாற் பிறர் எரிச்சலடைவர் என்பதை அவன் அறிந்திருந்தாலும் அது குற்றமாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பை நாம் இரு கோணங்களில் நோக்க வேண்டும். ஒருபுறம், லயத்தில் வாழ்பவனுக்கும் 'நோக்கம்' என ஒன்றுண்டு, அது துரையின் எரிச்சலைக் கொண்டு அளக்கப்படுவதன்று என்று மிக உயர்ந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அத்துமீறல் குற்றம் பற்றிய வழக்குகளில் இன்றும் எடுத்தாளப்படும் தீர்ப்பு அது. பெருஞ்சட்ட நூல்களில் இடம்பெற்ற ஒரு விதி, லய அறையொன்றிலிருந்து பிறந்தது என்பதில் நமக்குப் பெருமையுண்டு. மறுபுறம், அவ்வறை அவனுடையது என்று பிரிவி கவுன்சில் கூறவில்லை. அவன் குற்றவாளியல்லன் என்றதே தவிர, அவன் வெளியேற்றப்படலாமா என்னும் குடியியற் கேள்வி திறந்தபடியே கிடந்தது. தனியொருவனின் வழக்காக மாறியதும் ஓர் இலட்சம் பேரின் வேலைநிறுத்தம் எழுப்பிய வினா சுருங்கிவிடுகிறது. நீதிமன்றம் விடையளிக்கும் கேள்வி ஒன்று; தொழிலாளி கேட்கும் கேள்வி வேறொன்று.

குடியியற் கேள்வி ஒருபுறமிருக்க, அதனைக் கேட்பதற்குரிய ஆள் யார் என்பதே அதற்குள் கேள்வியாகிவிட்டது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களை, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பிரஜைகளின் வட்டத்துக்கு வெளியே நிறுத்தியது. மறுவருடம் வாக்குரிமையும் போயிற்று. இதன் செல்லுபடித்தன்மையை எதிர்த்த கொடக்கன்பிள்ளை வழக்கில், வாக்காளர் பதிவை மீள்பரிசீலித்த அதிகாரி சிவஞானசுந்தரம் தொழிலாளர் பக்கம் தீர்மானித்தார். உயர்நீதிமன்றம் அத்தீர்மானத்தை நீக்கியது. 1953இல் பிரிவி கவுன்சிலும் அதனையே உறுதிப்படுத்தியது. மூன்று வருடங்களுக்குமுன் அறையிலிருக்கும் எண்ணத்தை மதித்த அதே மன்றம், நாட்டிலிருக்கும் உரிமையைப் பொறுத்தவரை பாராளுமன்றத்தின் சொல்லுக்கு மேல் பார்க்க மறுத்தது.

லயங்களில் இதன் விளைவு வேறு வகைக் கேள்விகளாக வெளிப்பட்டது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்படி, மணமானவர் 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் ஏழு வருடமும் மணமாகாதவர் பத்து வருடமும் இடைவிடாது வதிந்திருக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பிரிவு வதிவை முறித்துவிடும். மனைவி பிரசவத்துக்காகத் திருச்சிப் பக்கம் போய்த் திரும்பியது எத்தனை மாதம்? பிறப்புப் பதியப்படாத பிள்ளைக்கு எதைக் காட்டுவது? தோட்டம் கைமாறியபோது பழைய செக்றோல் எங்கே போயிற்று? பெயர் ஒரு தாளில் முத்துசாமி, இன்னொரு தாளில் முத்தையா என்றிருப்பின் அவர் ஒருவரா இருவரா? 1951 ஆகஸ்டுக்குள் ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பெயரால் நிரப்பப்பட்டன. பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே. இலங்கை வரலாற்றில் எழுத்தறியாத மக்கள் இவ்வளவு பெருந்தொகையாகத் தம் வாழ்க்கையைத் தாளில் நிறுவுமாறு பணிக்கப்பட்ட வேறொரு சந்தர்ப்பம் இல்லையெனலாம். எழுத்தறிந்த ஆசிரியரும் சங்கத்து இளைஞரும் இரவுகளில் சிமினி விளக்கொளியில் வழக்கறிஞரின் வேலையைச் செய்தனர். 1964ஆம், 1974ஆம் ஆண்டு ஒப்பந்தங்களால் அடுத்த தலைமுறையும் அதே தாள்களைத் தேடியது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்வரை இக்கதை நீண்டது.

தொழிற் பிணக்குச் சட்டத்துக்கு 1957இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் தொழில் நியாயசபைகளை உருவாக்கியது. ஒப்பந்தத்தில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதற்குக் கட்டுப்படாது, நியாயமும் ஒப்புரவுமான கட்டளையை வழங்கலாம் என்பதும், சங்கத்தின் உத்தியோகத்தரே தொழிலாளிக்காகத் தோன்றலாம் என்பதும் இதன் சிறப்பு. சட்டம் கல்லாத வழக்கறிஞரான ஜில்லாப் பிரதிநிதி இவ்வாறு சட்ட அங்கீகாரம் பெற்றார். அவர்களுட் பலர் செக்றோலின் ஒவ்வொரு வரியையும் எதிர்த்தரப்பு அப்புக்காத்தைவிட நன்கறிந்தோர். ஆயினும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. நடேசய்யரின் பிரசுரம் எல்லாருக்கும் பொதுவான விடையைச் சொன்னது. பிரதிநிதியின் விடை சந்தா வெட்டப்படும் அங்கத்தவனுக்கு மட்டும் உரியதாயிற்று. சட்ட அறிவு மீண்டும் ஓர் ஆளின் கையிற் சேர்ந்தது. கங்காணி போன இடத்தில் சங்கத் தலைவர் அமர்ந்தார் என்று சிலர் கூறுவது மிகைக்கூற்றே. முற்றும் பொய்யென்று ஒதுக்கவும் நம்மால் இயலவில்லை.

கேட்கப்படாத கேள்விகளும் உள. கொழுந்து பறிப்போர் பெண்கள். சங்கத்தின் விடை சொல்வோர் ஆண்கள். மனைவியின் சம்பளத்தைக் கணவன் கைநீட்டி வாங்கும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. அவ்வாறு வாங்கச் சட்டத்தில் இடமுண்டா என்று எந்தத் தலைவரும் மேடையில் கேட்டதாகத் தெரியவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் 1984இல்தான் வந்தது. பொலிஸ் நிலையத்தில் சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தின் கீழ் தமிழ்த் தொழிலாளி ஒப்பமிடும் நிலையும் இவ்வகையினதே. நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகளில் தமிழும் நிர்வாக மொழியென 1999இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட பின்னரும், சங்கத்துக்காரர் ஒருவரைத் துணைக்கழைக்காது நிலையத்துக்குச் செல்லத் தயங்குவோரை நாம் காண்கிறோம்.

நேவ்ஸ்மியரில் திறந்து கிடந்த கேள்வி இதற்கிடையில் வேறொரு வாசலால் உள்ளே வந்துவிட்டது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் முகாமை பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது, நிலம் குத்தகையாகவே கைமாறியது. ஆகவே லயங்கள் நிற்பது அரச காணியில். அரச காணிகளின் உடைமையை மீட்பதற்கென 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் சுருக்கமான நடைமுறையொன்றை வகுத்துள்ளது. அதன்கீழ் நீதவான் முன் அழைக்கப்படுபவரிடம் நோக்கம் எதுவென்று கேட்கப்படுவதில்லை. எத்தனை தலைமுறை வாழ்ந்தார் என்றும் கேட்கப்படுவதில்லை. செல்லுபடியான எழுத்துமூல அனுமதிப்பத்திரம் உண்டா என்பதே அங்கு எழும் வினா. செல்வநாயகத்தைக் காத்த விதி குற்றவியலைச் சேர்ந்தது. இங்கே குற்றமே சாட்டப்படுவதில்லை, ஆதலால் அவ்விதிக்கு இங்கு வேலையில்லை. லய அறையில் பிறந்தவர்களிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்கலாம், வாக்காளர் அட்டை இருக்கலாம், சேமலாப நிதி இலக்கம் இருக்கலாம். அறைக்கு அனுமதிப்பத்திரம் எழுதிக் கொடுக்கும் வழக்கம் தோட்டத்தில் இருந்ததில்லை.