உயிர் காக்கும் மருந்தின் மறுபக்கம்



தென்னைக்குப் பெயர் பெற்றது எங்கள் பாகான் டத்தோ வட்டாரம். ஹுத்தான் மெலிந்தாங்கில் விருந்தினருக்கு இளநீர் வெட்டித் தருவது வழக்கம். பள்ளிக்கு வந்த ஒரு தந்தை அதனை அன்போடு மறுத்தார். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் அவர். "பொட்டாசியம் ஏறிவிடும், சார். சாப்பாட்டால் மட்டுமில்லை, சில மாத்திரையாலும் ஏறுமாம்" என்றார். அந்தச் சொல்லே என்னை வரலாற்றைப் புரட்ட வைத்தது.

1954 டிசம்பர் 23ஆம் நாள், அமெரிக்காவின் போஸ்டன் நகரில் மருத்துவர் ஜோசப் மர்ரே முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவையைச் செய்தார். கொடுத்தவரும் பெற்றவரும் ஒத்த இரட்டையர்; ஆகவே உடல் அதனை ஏற்றுக்கொண்டது. மற்றவர் சிறுநீரகமாயின் உடல் எதிர்க்கும். அந்த எதிர்ப்பை அடக்க உதவிய அசாதயோபிரின் என்னும் மருந்தை உருவாக்கியவர்கள் ஜார்ஜ் ஹிட்ச்சிங்ஸ், ஜெர்ட்ரூட் எலியன் ஆகிய இருவர். அதன் பின்னரே இச்சிகிச்சை உலகெங்கும் பரவியது. 1971இல் வேலூரிலும், 1975இல் கோலாலம்பூரிலும் இவ்வறுவை நிகழ்ந்தது.

எதிர்ப்பாற்றலை அடக்கினால் கிருமிகள் சும்மா இருக்குமா? நிமோசிஸ்டிஸ் என்னும் பூஞ்சையால் வரும் நுரையீரல் அழற்சி பல உயிர்களைக் குடித்தது. அதனைத் தடுக்கும் கோ-டிரைமாக்சசோல் மருந்தின் ஒரு பகுதியான டிரைமெத்தோபிரிமும் அதே ஹிட்ச்சிங்ஸ் குழுவினரின் ஆய்வில் பிறந்ததே! பாக்ட்ரிம், செப்ட்ரின் என்பன இதன் வணிகப் பெயர்கள். 1988இல் இவ்விருவரும் ஜேம்ஸ் பிளாக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இனி மறுபக்கம். 1980களில் எயிட்ஸ் நோயாளிகளுக்கு இம்மருந்து பேரளவில் தரப்பட்டபோது இரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்தது. 1993இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காரணத்தை விளக்கினர். சிறுநீரகக் குழாயின் கடைப்பகுதியில் சோடியம் உட்புகும் வாயிலை டிரைமெத்தோபிரிம் அடைத்துவிடுகிறது. சோடியம் உள்ளே வராவிடில் பொட்டாசியம் வெளியேறுவதும் குறைகிறது. வழக்கமான அளவிலும் இது நேரக்கூடும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கு இடர் மிகுதி. அவர்கள் உட்கொள்ளும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் ஆகியவையும் பொட்டாசியத்தை ஏற்றும். சில இரத்த அழுத்த மருந்துகளும் அவ்வாறே. இயல்பான அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5 மில்லிமோல். 6ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். பெரும்பாலும் முன்னறிகுறி இராது. இரத்தப் பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

இதனைப் படித்துவிட்டு எவரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடலாகாது. கிருமியும் கொல்லும். சளி, காய்ச்சல், சிறுநீர்த் தொற்று என்று எந்தக் கிளினிக்குக்குச் சென்றாலும், "நான் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்" என்று முதலில் சொல்லுங்கள். மருந்துப் பட்டியலைக் காட்டுங்கள். புதிய மருந்து தொடங்கினால் இரத்தப் பரிசோதனை எப்போது என்று கேளுங்கள். தாத்தா பாட்டியின் மருந்துப் பெயர்களை எழுதி வைக்கும் பணியை நம் மாணவரிடமே ஒப்படைக்கலாம். படிப்பு வீட்டிற்குப் பயன்படும் நாள் அதுவன்றோ?

அன்புடன்,
உங்கள் ஆசிரியன்