தலை மட்டும் போதும் என்றது ரோம்

கி.மு. 322. கலவுரியா தீவில் பொசைடன் கோவிலுக்குள் தஞ்சம் புகுந்திருந்தார் ஏதென்ஸின் பேச்சாளர் டெமாஸ்தனிஸ். பிடித்துப்போக மாசிடோனியாவின் ஆட்கள் வந்துவிட்டார்கள். கடிதம் எழுதப்போகிறவர்போல எழுதுகோலை வாயில் வைத்துக் கடித்தார். அதில் நஞ்சு இருந்தது என்று பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். மன்னன் பிலிப்பை எதிர்த்து ஏதென்ஸைத் தட்டியெழுப்பிய குரல் அன்றோடு ஓய்ந்தது.

42 ஆண்டுகள் கழித்துத்தான் ஏதென்ஸுக்கு அவர் அருமை தெரிந்தது. அவருடைய சகோதரி மகன் டெமோகாரிஸ் முன்மொழிய, நகரின் பொதுவெளியில் வெண்கலச் சிலை எழுந்தது. வடித்தவர் பாலியூக்டஸ். சற்றே குனிந்த தலை, சுருங்கிய புருவம், ஒட்டிய கன்னம், முன்னால் கோத்த கைகள். மேடையில் முழங்குபவரை அல்ல, தோற்றுப்போனவரை வடித்திருந்தார். அந்தத் துணிச்சலுக்காகவே பாலியூக்டஸைக் கும்பிடலாம்.

அந்த வெண்கலம் இன்று இல்லை. ஆனால் அதைப் பார்த்து ரோமானியர் செதுக்கிய பளிங்குத் தலைகள் 50க்கும் மேல் கிடைத்திருக்கின்றன.

எப்படி நகலெடுத்தார்கள்? இத்தாலியின் பையே நகரில் 1954இல் தோண்டியெடுத்த சாந்துத் துண்டுகள் அதைக் காட்டிக்கொடுத்தன. புகழ்பெற்ற கிரேக்க வெண்கலங்களின் மேல் அச்செடுத்து வார்த்தவை அவை. ஒரு முகத்துண்டில் இமை விளிம்பு தடித்து நிற்கிறது. வெண்கலத் தகட்டில் வெட்டிப் பதித்த இமைமயிர் அச்செடுக்கும்போது ஒடிந்துவிடாமல் பொதிந்து மூடியதன் தடம் அது! இப்படி வார்த்த சாந்து உருவில் புள்ளிகள் குறித்து, அளந்து, பளிங்குக்கு மாற்றினார்கள்.

ரோமானியப் பிரபுவின் நூலகத்துக்கும் தோட்டத்துக்கும் பெரும்பாலும் தலையே போதுமாக இருந்தது. கிரேக்கச் சிற்பிக்கோ நிற்கும் நிலை, கை, மடிப்பு எல்லாம் சேர்ந்துதான் ஆள். இந்த வெட்டில் போனது கொஞ்சநஞ்சமல்ல. பெயரும் சேர்ந்தே போயிற்று. 1753இல் ஹெர்குலேனியத்தில் பெயர் பொறித்த சிறு வெண்கல மார்பளவுச் சிலை கிடைத்ததால்தான் இந்த முகம் யாருடையது என்பது உறுதியானது.

வாடிகனிலும் கோபன்ஹேகனிலும் உள்ள முழு உருவங்களில் கைகள் உடைந்திருந்தன. செப்பனிட்டவர்கள் பேச்சாளர்தானே என்று ஏட்டுச்சுருளைக் கொடுத்துவிட்டார்கள். சிலையின் கோத்த விரல்களுக்குள் ஒரு படைவீரன் பொற்காசுகளை ஒளித்துவைத்த கதையைப் புளூட்டார்க் சொல்லியிருந்தும் இப்படி நேர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமிலேயே ஒரு ஜோடிப் பளிங்குக் கைகள் கிடைத்தன. விரல்கள் இறுகக் கோத்திருந்தன.

(தொடரும்)